ஆற்றுமுகம் யாருக்கு, பின் தெரு யாருக்கு

அமெரிக்காவில் பல வருடங்களாக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஊர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கருத்தைச் சொன்னார். நம் பக்கத்துக் கிராம வரைபடம் எதை எடுத்தாலும் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும், கோயிலைச் சுற்றி யார், ஓடைக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் கட்டம் போட்டு ஊர் கட்டினார்கள், கட்டத்தில் மேலென்ன கீழென்ன, அதனால்தான் அந்த நாட்டில் சமத்துவம் வேரிலேயே இருந்தது என்றார். கேட்கும்போது சரி என்றுதான் பட்டது. ஆனால் அது மனதில் உட்கார மறுத்தது. அங்கே அடிமைகள் இருந்தார்கள், கூலிக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துக் கப்பலேறி வந்த வெள்ளைக்கார ஏழைகள் இருந்தார்கள், கப்பல் கப்பலாகச் சரக்கு வைத்திருந்த வணிகர்களும் இருந்தார்கள். இத்தனை பேரும் ஒரே ஊரில் இருந்திருக்க, வரைபடத்தில் மட்டும் எப்படி எல்லாரும் சமமாக முடியும்?

அமெரிக்க ஊர்களின் 17, 18-ஆம் நூற்றாண்டு வரைபடங்கள் பலவற்றை இப்போது வீட்டில் இருந்தபடியே பெரிதாக்கிப் பார்க்கலாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகமும் நியூயார்க் பொது நூலகமும் ஒவ்வொரு கோடும் தெரியும் அளவுக்கு அவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. இரவுகளில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பார்க்கப் பார்க்க நண்பர் சொன்னது தவறு என்று உறுதியானது. வர்க்கம் அந்த வரைபடங்களில் இருக்கிறது. ஆனால் நாம் தேடிப் பழகிய இடத்தில் இல்லை.

ஒன்பது சதுரம்

முதலில் நியூ ஹேவன், இன்றைய கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் ஊர். 1638-இல் லண்டனிலிருந்து வந்த ஒரு பியூரிட்டன் (கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்) கூட்டம், ஜான் டேவன்போர்ட் என்ற பாதிரியார், தியோபிலஸ் ஈட்டன் என்ற பெரும் வணிகர் இருவரின் தலைமையில் இந்த ஊரைத் தொடங்கியது. துறைமுகத்தை ஒட்டி ஒன்பது சம சதுரங்கள். நடுச் சதுரம் பொது நிலம், அதில் ஜெபவீடு. சுற்றியுள்ள எட்டில் குடியேறியவர்களின் மனைகள். 1641 வாக்கில் இருந்த நிலையைக் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு மனையிலும் உரியவர் பெயர் இருக்கிறது. எட்டு சதுரமும் ஒரே அளவு என்பதால், இதைவிட நியாயமான ஊர் இருக்க முடியாது என்று தோன்றும்.

ஆனால் சதுரங்களுக்குள் மனைகள் ஒரே அளவு இல்லை. ஒருவர் இந்தக் குடியேற்றத்தில் எவ்வளவு சொத்து பதிந்திருக்கிறார், அவர் குடும்பத்தில் எத்தனை தலைகள் என்ற இரண்டையும் வைத்துத்தான் நிலம் பிரிக்கப்பட்டது. அந்தச் சொத்துப் பட்டியல் இன்றும் இருக்கிறது. ஈட்டன் பெயருக்கு நேரே 3000 பவுண்டு, டேவன்போர்ட்டுக்கு 1000 பவுண்டு, கீழே போகப் போகச் சில பத்துப் பவுண்டுகள் மட்டுமே உள்ளவர்கள். சதுரங்களுக்கே அங்கு குடியிருந்த பெரிய மனிதரின் பெயர்தான். ஈட்டனின் பகுதி, டேவன்போர்ட்டின் பகுதி என்றுதான் அழைத்தார்கள். பங்குப் பணம் போட முடியாதவர்களுக்கு ஒன்பது சதுரத்துக்கு வெளியே, ஓடையோரமும் துறைமுகப் பக்கமும், சின்னச் சின்ன மனைகள் கிடைத்தன. அந்த மண் யாருடையதோ அந்தக் குவின்னிபியாக் மக்களுக்கு, அதே 1638-இல் எழுதிய ஒப்பந்தப்படி, துறைமுகத்தின் கிழக்குக் கரையில் சுமார் 1,200 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஒன்பது சதுரத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் அது படவே படாது.

நியூ ஹேவனில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படும் இன்னொரு வரைபடம் உண்டு. அது கோடுகளால் வரைந்தது இல்லை. ஜெபவீட்டில் யார் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று 1647-இல் நீதிமன்றத்தில் பெயர் பெயராக வாசித்துப் பதிவு செய்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், முன்வரிசையில் ஆளுநர், பின்னால் படிப்படியாக மற்றவர்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து எனப்படும் பகுதியின் ஊர்களில் இது பரவலாக இருந்த வழக்கம். வயது, சொத்து, ஊரில் வகித்த பதவி இவற்றையெல்லாம் எடைபோட்டு இடம் ஒதுக்க ஒரு குழுவே போடுவார்கள், அதில் மனத்தாங்கல் வந்து சண்டையும் நடக்கும். கடவுளுக்கு முன்னால் எல்லாரும் பாவிகள்தான் என்று வாரந்தோறும் பிரசங்கம் கேட்ட கூட்டம், அதைக் கேட்க உட்கார்ந்த வரிசையைப் பண அளவில் போட்டுக்கொண்டது. ஊர்ச் சதுரத்தையும் இந்த இருக்கைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த ஊர் முழுதாகத் தெரிகிறது.

இந்த ஊருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஈட்டனின் மனைவி ஆன், யேல் என்பவரின் விதவையாக இருந்து ஈட்டனை மறுமணம் செய்துகொண்டவர். அவருடைய பேரன்தான் எலிஹு யேல். 1649-இல் பாஸ்டனில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்து போய், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அவர் 1718-இல் அனுப்பிய ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ஒரு ராஜா படமும்தான் நியூ ஹேவன் கல்லூரிக்கு, இன்றைய யேல் பல்கலைக்கழகத்துக்கு, அவர் பெயரைப் பெற்றுத்தந்தன. பொதிகளை விற்றதில் ஐந்நூறு பவுண்டுக்கு மேல் வந்தது. சென்னையில் சேர்த்த பணம், அவருடைய பாட்டி வாழ்ந்த அந்தச் சதுரங்களுக்கே போய்ச் சேர்ந்தது.

எண் 1 எங்கே தொடங்குகிறது

ஆனாலும் என் பார்வையை நிஜமாகவே மாற்றியது நியூ ஹேவன் இல்லை, ஃபிலடெல்ஃபியா. நண்பர் சொன்ன கட்டத்துக்கு இதைவிடப் புகழ்பெற்ற உதாரணம் கிடையாது. பென்சில்வேனியா காலனியைத் தொடங்கிய வில்லியம் பென்னின் நில அளவையாளர் தாமஸ் ஹோம் 1683-இல் வெளியிட்ட வரைபடம் இது. கிழக்கே டெலவேர் ஆறு, மேற்கே ஸ்கூல்கில் ஆறு, இரண்டுக்கும் நடுவே இரண்டு மைல் நீளம், ஒரு மைல் அகலத்துக்கு நேர்நேரான தெருக்கள். நடுவில் 10 ஏக்கரில் ஒரு சதுக்கம், நாலு பக்கமும் 8 ஏக்கரில் நாலு சதுக்கங்கள். பிரதானத் தெருக்கள் இரண்டும் 100 அடி அகலம். பென் ஒரு குவேக்கர். யாருக்கும் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்காத சபையைச் சேர்ந்தவர், அந்த நம்பிக்கைக்காகச் சிறைக்குப் போனவர். ஒவ்வொரு வீடும் தன் மனையின் நடுவே நிற்க வேண்டும், சுற்றிலும் தோட்டம் இருக்க வேண்டும், ஊர் என்றும் பசுமையாக இருக்க வேண்டும், தீ பரவக் கூடாது என்று கனவு கண்டவர். 1666-இல் லண்டன் எரிந்ததை அறிந்த தலைமுறை அது. அவருடைய அந்த ஆசையை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

அந்த வரைபடத்தைப் பெரிதாக்கினால் மனைகளுக்குள் எண்கள் தெரியும். எண்ணுக்குரிய ஆளின் பெயர் கூடவே அச்சான பட்டியலில் இருக்கும். நான் நெடுநேரம் தெருக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்களை எட்டிப் பார்க்கவில்லை, ஹோம் எழுதிய விளக்கத்தையும் ஊன்றிப் படிக்கவில்லை. ஓர் இரவு அதைப் படித்தபோது ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். 1000 ஏக்கரும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு ஆற்றுமுகப்பிலும் பிரதானத் தெருவிலும் இடம் வைத்திருக்கிறோம், எண் 1 டெலவேர் முகப்பின் தென்கோடியில் தொடங்குகிறது என்று அதில் இருக்கிறது. 1000 ஏக்கருக்குக் குறைவாக வாங்கியவர்களுக்குப் பின் தெருக்கள்.

இதை யாரும் மறைத்து எழுதவில்லை, அதுதான் என்னை நிறுத்தியது. நம் ஊரில் மனைப்பிரிவு விற்கிறவர்கள் லே-அவுட் தாளில் மெயின் ரோட்டு முகப்புக்கு ஒரு விலை, உள் சந்துக்கு ஒரு விலை என்று அச்சடிப்பதைப்போல, வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஹோமுக்கு அதில் கூச்சமே இல்லை. இருக்கவும் காரணம் இல்லை, ஏனென்றால் அந்த வரைபடமே முன்பணம் கட்டிய லண்டன்காரர்களுக்கு உங்கள் இடம் இதோ என்று காட்டுவதற்கும், இனிமேல் வாங்கப்போகிறவர்களை இழுப்பதற்கும்தான் அச்சானது. முதலில் பென் 500 ஏக்கர் வாங்குபவருக்கு ஊருக்குள் 10 ஏக்கர் தருவதாகத்தான் அறிவித்திருந்தார். ஆற்றங்கரையில் கிடைத்த இடம் அதற்குப் போதவில்லை. ஆகவே ஊருக்குள் சின்ன மனை, மீதிக்கு ஊருக்கு வெளியே நிலம் என்று ஆனது. கொடுக்க இருந்த இடம் சுருங்கியபோது யாருக்கு எந்த முகப்பு என்பதுதான் கேள்வியானது, அதற்கு அவர்கள் கண்ட விடை அந்த ஒரு வாக்கியம். பெரிய பங்குதாரர்கள் சேர்ந்து தொடங்கிய வணிகக் கம்பெனி ஒன்றுக்கு ஊரின் தெற்கில் ஓர் ஆற்றிலிருந்து மறு ஆறு வரை ஒரே நீளப் பட்டையாக நிலம் போனது. இன்று சொசைட்டி ஹில் என்று அழைக்கிற பகுதியின் பெயர் அந்தக் கம்பெனியிலிருந்து வந்ததுதான்.

ஆற்றுமுகப்பு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைக்கு யோசித்தால் புரியாமல் போகலாம். அது வெறும் காற்றோட்டம் சார்ந்த சமாசாரம் இல்லை. அந்தக் காலத்தில் சரக்கு, கடிதம், கடன், செய்தி, ஆள் எல்லாமே தண்ணீர் வழியாகத்தான் வந்தன. முகப்பு வைத்திருந்தவர் தன் சொந்தத் துறைமேடையைக் கட்டிக்கொள்ளலாம், கிடங்கு கட்டலாம், மற்றவர்களின் சரக்கு இறங்க வாடகை வாங்கலாம். பின் தெருவில் இருந்தவர் அந்த வாடகையைக் கொடுத்தார். கட்டம் ஒன்றாகவே இருக்கட்டும், அதில் எந்த விளிம்பில் தண்ணீர் தொடுகிறது என்பதுதான் ஊரின் மேல் கீழைத் தீர்மானித்தது. இது புரிந்த பிறகு எந்த ஊரின் பழைய வரைபடம் என்றாலும் நான் முதலில் பார்ப்பது தண்ணீர் எங்கே என்றுதான்.

பென் கனவு கண்ட தோட்ட வீடுகள் நிலைக்கவில்லை. எல்லாருக்கும் டெலவேர் பக்கம்தான் வேண்டியிருந்தது. மேற்கே ஸ்கூல்கில் வரை வரைந்த தெருக்கள் பல தலைமுறைக்கு வெறும் காகிதத்தில் கிடந்தன. கிழக்கில் மனைகளை நெடுக்கில் வெட்டி, நடுவே சந்து விட்டு, சந்துக்குள் இரு பக்கமும் ஒடுக்கமான வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். கொல்லர்கள், தச்சர்கள், கப்பல் வேலைக்காரர்கள், தையல் வேலை செய்த பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஃப்ரன்ட் தெருவுக்கும் இரண்டாம் தெருவுக்கும் நடுவே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறந்த எல்ஃப்ரத் சந்து இன்னும் இருக்கிறது, பலரும் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1762-இல் கிளார்க்சனும் பிடிலும் வெளியிட்ட வரைபடத்தை ஹோமின் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தால், ஊர் ஆற்றோரமாக ஒட்டிக்கொண்டு கிடப்பதும் பெரிய கட்டங்களின் வயிற்றுக்குள் சந்துகள் முளைத்திருப்பதும் தெரியும். பெரிய மனிதர் தெருமுகப்பில், அவர் கொல்லைப்புறத்துக்குப் பின்னால் கைவினைஞர், இரண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள். ஏழைகளுக்குத் தனிப் பேட்டை இல்லாததால் ஏழைகளே இல்லை என்று தோன்றும். என் நண்பர் பார்த்தது அந்தத் தோற்றத்தைத்தான்.

கூரைக்குக் கீழே

வரைபடம் மேலிருந்து பார்க்கிறது. அதற்குக் கூரைதான் தெரியும். கூரைக்குக் கீழே பரணில் யார் படுத்தார்கள், நிலவறையில் யார், சமையல்கட்டுத் தரையில் யார் என்பது தெரியாது. காலனி கால அமெரிக்க நகரங்களில் அடிமைகள் பெரும்பாலும் எஜமானர் வீட்டிலேயோ அதன் பின்கட்டிலேயோதான் இருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டு நடுவில் நியூயார்க்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமை. ஆனால் அந்த ஊரின் வரைபடத்தில் அவர்கள் வாழ்ந்த தெரு என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. அதே காலத்துச் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் தாமஸ் பிட்டின் காலத்தை ஒட்டி, 1710 வாக்கில் வரைந்த வரைபடத்தில், கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று ஊர் இரண்டாகவே பிரிந்து கிடக்கிறது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகளின் சண்டையில் எந்தத் தெருவில் யார் என்று எல்லைக்கல் நடும் அளவுக்குப் போயிருந்தது. ஒரே நாட்டுக்காரர்கள்தான் இரண்டு இடத்திலும் ஆண்டார்கள். இங்கே பிரிவைத் தரையில் கிடத்திப் போட்டார்கள், அங்கே ஒரே வீட்டுக்குள் மாடி மாடியாக அடுக்கினார்கள். அடுக்கியது வரைபடத்தில் விழவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் கீழே இருந்தவர்கள் அந்த வரைபடங்களில் எங்கேதான் வருகிறார்கள்? ஜான் பானர் என்ற கப்பல் கேப்டன் 1722-இல் வெளியிட்ட பாஸ்டன் வரைபடம் இதற்கு நல்ல சாட்சி. தெருக்கள் 42, சந்துகள் 36, முடுக்குகள் 22, வீடுகள் ஏறக்குறைய 3000, அதில் 1000 செங்கல், மற்றவை மரம், மக்கள் சுமார் 12,000 என்று ஊரையே எண்ணி ஓரத்தில் எழுதியிருக்கிறார். துறைமேடைகளுக்கும் கப்பல் கட்டும் இடங்களுக்கும் சொந்தக்காரர் பெயர் இருக்கிறது. அந்த மேடையில் மூட்டை தூக்கியவருக்குப் பெயர் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். அவர் வரைபடத்தில் நுழைவது பொதுப் புல்வெளியின் ஓரத்தில். அங்கே ஆதரவற்றோர் விடுதி, பக்கத்திலேயே திருத்தச் சிறை, பக்கத்திலேயே இடுகாடு. உழைத்துக்கொண்டிருக்கும் வரை வரைபடத்துக்கு அவர் தெரியவில்லை, விழுந்த பிறகு ஒரு கட்டடமாகத் தெரிகிறார். ஃபிலடெல்ஃபியாவிலும் பென்னின் அழகான சதுக்கங்களில் தென்கிழக்கில் இருந்தது அனாதைப் பிணங்களைப் புதைக்கும் இடமானது. அந்த ஊர்க் கறுப்பின மக்கள் விழா நாட்களில் கூடித் தங்கள் செத்தவர்களுக்குப் படைத்ததும் அங்கேதான். இன்று அதற்கு வாஷிங்டன் சதுக்கம் என்று பெயர்.

நியூயார்க்கில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. டச்சுக்காரர் காலத்திலேயே, 1644-இல், ஊரை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் அடிமைகள் பதினொரு பேருக்கு அரை விடுதலை கொடுத்து ஊருக்கு வடக்கே நிலம் ஒதுக்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் அடிமைகளாகவே இருப்பார்கள் என்பது நிபந்தனை. பூர்வகுடிகள் தாக்கினால் முதலில் இவர்கள் மேல்தான் விழும் என்பது போன்ற இடம் அது. 1660-இல் ஊரை வீடு வீடாக, தோட்டப் பாத்தி உட்பட வரைந்த காஸ்டெல்லோ வரைபடம் அவ்வளவு அழகு, மரங்களைக்கூட எண்ணலாம். ஆனால் அது வடக்கு மதிலோடு நின்றுவிடுகிறது. இன்றைய வால் ஸ்ட்ரீட் அந்த மதில்தான். மதிலுக்கு வெளியே இருந்த அந்தக் கறுப்பின விவசாயிகள் தாளுக்கும் வெளியே.

ஆங்கிலேயர் ஆட்சிக்கு மாறிய பிறகு, 1697-இல் டிரினிட்டி தேவாலயம் தன் இடுகாட்டில் கறுப்பர்களைப் புதைக்கக் கூடாது என்றது. ஊருக்கு வெளியே, குளத்துக்குத் தெற்கே, யாரும் விரும்பாத சரிவில் புதைத்தார்கள். இரவில் புதைக்கத் தடை வந்தது, 12 பேருக்கு மேல் கூடத் தடை வந்தது. 1755-இல் வெளியான மேர்ஷால்க் வரைபடத்தில்தான் அந்த இடத்தின் மேல் நீக்ரோக்களின் இடுகாடு என்று எழுத்து விழுகிறது. அவர்கள் ஐந்தில் ஒரு பங்காக வாழ்ந்த ஊரின் வரைபடத்தில், அவர்களுக்கென்று எழுதிய இடம் அது. 1794 வாக்கில் இடுகாட்டை மூடினார்கள், மேலே பல அடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டினார்கள், கோடு போட்டு மனைகளாக விற்றார்கள். 1991-இல் அரசு அலுவலகக் கோபுரம் கட்டத் தோண்டியபோது நானூறுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. பெரியவர்கள் மட்டும் இல்லை, பிள்ளைகளும் நிறைய. கறுப்பின மக்கள் போராடித்தான் தோண்டுவதை நிறுத்த வைத்தார்கள். 2003-இல் மறுபடி அடக்கம் நடந்தது, 2006-இல் அது தேசிய நினைவிடமானது. இத்தனைக்கும் மேர்ஷால்க் வரைபடம் எங்கேயும் தொலைந்திருக்கவில்லை. அதில் அந்தப் பெயர் எழுதியே இருந்தது, எல்லாரும் பார்த்திருக்க முடியும்.

இன்னொரு நியூயார்க் வரைபடத்தையும் சொல்ல வேண்டும். டேவிட் கிரிம் என்பவர் 1813-இல், தன் 76-ஆம் வயதில், சிறுபிள்ளையாகத் தான் பார்த்த 1740-களின் ஊரை நினைவிலிருந்து வரைந்தார். அவருக்கு நாலு வயது இருக்கும்போது, 1741-இல், அடிமைகள் சதி செய்து ஊரைக் கொளுத்தப் பார்த்தார்கள் என்று குற்றம் சாட்டி 13 கறுப்பர்களை உயிரோடு எரித்தார்கள், 17 பேரைத் தூக்கிலிட்டார்கள். கூடவே நாலு வெள்ளையர்களுக்கும் தூக்கு. அரசாங்க அளவையாளர்கள் வரைந்ததில் தேவாலயம், சந்தை, கோட்டை, துறைமேடை எல்லாம் இருக்கும். கிரிம் வரைந்ததிலும் அவை இருக்கின்றன. கூடவே எந்த இடத்தில் எரித்தார்கள், எந்த இடத்தில் பிணத்தைத் தொங்கவிட்டார்கள் என்றும் குறித்திருக்கிறார், எழுபது வருடம் கழித்து. யாரும் அவரைக் கேட்கவில்லை, எந்த மனையை விற்கவும் அந்தக் குறிப்பு உதவாது. வரைந்ததை நியூயார்க் வரலாற்றுச் சங்கத்திடம் அவரே கொடுத்துவிட்டார், அங்கேதான் இருக்கிறது. நண்பருக்கு அதன் இணைப்பை அனுப்பியிருக்கிறேன், ஹோமின் வரைபடத்தையும் சேர்த்து. தெருக்களை விட்டுவிட்டு ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளை முதலில் படியுங்கள் என்று மட்டும் எழுதினேன்.